மழைக் கொப்பி

எனக்குச் சீராய் எழுத வராது, மறதியும் கூட, குறை நினையாதேங்கோ. போன கிழமை பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன்சீற்றில் வயதான புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் முந்திக் குளத்தடியில் மழை அளந்தவராம். மடியில் மழைக் கணக்கு எழுதின பழைய கொப்பி ஒன்று.

"மழைக் கணக்குக் கேக்கிறவைக்கு நாங்கள் இருந்த இடம் என்னத்துக்கு?" என்று அவா கேட்டா. அதோடு என் காது அங்கே போய்விட்டது.

"வீட்டை வந்தவர் சொன்னவரெல்லே, சண்டையில இடம்பெயர்ந்த வருசங்களில ஒருத்தரும் மழை அளக்கேல்லையாம். அரசாங்கக் கந்தோர்ப் புத்தகம் வெறுமையாக் கிடக்குதாம், அங்கை கொண்டு வந்து தரட்டாம். என்னட்டைத்தான் இருக்கு."

"சனம் சட்டி பானை காவ, நீங்கள் மழை அளக்கிற தகரத்தைக் காவினியள். நல்ல மனுசன்!"

"ஒரு நாளும் விடேல்லையடி. காலமை எட்டரைக்கு அளந்து எழுதினனான்."

"ஓம், எந்த ஊர், ஆரின்ர வீட்டு வளவு எண்டும் எழுதினியள். எங்களை வைச்சிருந்த சனத்துக்கு நாளைக்குக் கரைச்சல் வராதோ? அதை வெட்டிப்போட்டு மழையை மட்டும் குடுங்கோ."

"இடம் தெரியாத மழையை வைச்சு என்ன செய்யிறது?"

"வீட்டை வந்தவர் மழையைப் பற்றி எத்தினை கேள்வி கேட்டவர்?"

அவர் யோசித்தார். "ஒண்டு."

"மிச்சமெல்லாம் ஆரோடை இருந்தனீங்கள் எண்டுதானே?"

அவர் கொப்பியை அவாவின் பைக்குள் வைத்தார்.

பஸ் நின்றது. "கந்தோரடிக்கெல்லே டிக்கெட் எடுத்தனீங்கள், இறங்கேல்லையோ?" என்று கொண்டக்டர் கேட்டார்.

"இல்லைத் தம்பி, சந்தைக்குப் போறம்" என்றா அவா.

இப்படிக் கொப்பி கேட்டுத் திரிகிறவர்கள் ஆர் என்று, தெரிந்தவர்கள் ஒருக்கா விசாரித்துப் பாருங்கோ.