நெய் நிறத்து மெழுகு

எனக்குப் பால் பொருள்களே ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர். ஆனாலும் சுங்கை பட்டாணி ஊரிலுள்ள தொழிற்சாலையில் என் வேலை வெண்ணெயோடு மல்லுக்கட்டுவதுதான். முகப்பூச்சு செய்கிறவர்கள் திமிங்கல எண்ணெய்க்கு மாற்றுத் தேடிய காலம் அது. கழித்துப்போட்ட வெண்ணெயை உருக்கி, கொழுப்பு ஆல்கஹால் கலந்து, பூஞ்சையிலிருந்து எடுத்த என்சைமைப் போட்டு இளஞ்சூட்டில் கிளறினால் மெழுகு கிடைக்கும். பார்க்க நெய் மாதிரியே இருக்கும். மனித வயிறு அதைச் செரிக்காது என்று புத்தகம் சொன்னது. முதலாளிக்குப் புத்தகம் போதவில்லை. உதட்டுச் சாயத்தில் கலந்தால் உள்ளே போகுமே, ஆளுக்கு என்ன ஆகும் என்று நச்சரித்தார்.

தொழிற்சாலையைப் பெருக்க சிடாம் கிரி ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து செல்லாயி வருவாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுக்காவிட்டால் உலகமே நின்றுவிடும் என்று நம்புகிற கூட்டம். என்சைம் என்றால் என்னவென்று நூறு தடவை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாது. அதனால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“ஐயா, டின்னுல மீந்த நெய்ய எடுத்துக்கவா? மக அழகம்மா பெத்துக் கெடக்கா.”

“எடுத்துக்கோ லா,” என்றேன்.

அடுத்த வாரம் முகம் வாடி வந்தாள்.

“வயித்தால போயிக்கிட்டே இருக்குய்யா. நெய்யி ஒத்துக்கலையோ? கிளினிக்குக்குக் கூட்டிப் போவட்டா?”

“தண்ணி சரியில்ல. நெய்ய நிறுத்துனா பச்சை உடம்பு தாங்காது. கூடக் குடு. கிளினிக் வேணாம்.”

கிளினிக் மருந்து உள்ளே போனால் மெழுகு என்ன செய்தது என்று எப்படித் தெரியும்? புது டின்னை நானே கட்டிக் கொடுத்தேன். தினமும் விசாரித்தேன். அவள் சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்க மாட்டார்கள்.

அழகம்மா செத்தபிறகு செல்லாயி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள், நெய் கொடுத்த மகராசன் என்று. அருவருப்பாக இருந்தது.

ஆனால் லயத்துப் பெண். வேறு எதனாலாவது செத்திருக்கலாம். ஒரே ஆளை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. பக்கத்து ஊர் செமிலிங்கில், எங்கள் சர்ச்சுக்கு வரும் பிரிஜெட்டுக்குக் குழந்தை பிறந்த செய்தி கேட்டதும் ஒரு டின்னோடு போனேன். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு.

“எதுக்கு டக்ளஸ் அண்ணே சிரமம்?” என்று வாங்கிக்கொண்டாள். அவளும் செத்துப்போனபிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

கொலை என்று எழுதுகிறீர்கள். தப்பான வார்த்தை. கேட்டு வந்தவளுக்குத்தான் கொடுத்தேன். கேட்காத யாருக்கும் நான் கொடுத்ததில்லை. பிரிஜெட் கேட்கவில்லைதான். கேட்டிருப்பாள்.