அணுபுரம் சாருக்கு எவ்வளவு?

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கார் கழுவிப் பாலிஷ் போடுகிறவன் போலிருக்கிறது. அவன் ரேட் சொல்லச் சொல்ல அவள் போனில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"சின்ன காரு எண்ணூறு. பெரிய காரு ஆயிரத்து எரநூறு. உள்ள பீச்சு மணலு இருந்தா நூறு ஜாஸ்தி."

"அணுபுரம் சாருக்கு?"

"அவருகிட்ட எப்பிடி துட்டு வாங்கறது? உன்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனதே அவருதான். திருக்கழுக்குன்றம் தாண்டறதுக்குள்ள பின் சீட்டுலயே இவன் பொறந்துட்டான். சீட்டெல்லாம் ரத்தம். மனுசன் மொகம் சுளிக்கலியே. அத கழுவப் போயிதான் எனக்கு இந்த வேலையே வந்துச்சி."

"சும்மான்னா அவரு காரே குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரே."

"அப்ப இன்னாதான் போடறது?"

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மத்ததுக்கெல்லாம் வாங்கிக்க. பின் சீட்டுக்கு மட்டும் வாங்காத. ஏன்னு கேட்டா, அது எங்க புள்ள பொறந்த எடம், நாங்கதான் தொடைப்போம்னு சொல்லு."