1920 மாடல் வாட்ச்

1975ல் ஒரு நாள், திருவள்ளூர் ரயிலில் எனக்கு எதிரே, காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் விற்கக் கொண்டுவந்த பழைய கைக்கடிகாரத்தின் பின்மூடியை நரைத்தவர் பிளேடால் நெம்பித் திறந்தார்.

“நான் பொறந்த வருஷத்து வாட்ச்சுன்னு சொன்னியே. மேல 1920, உள்ள 1917ன்னு போட்டுக்குது!”

“மூடிய மட்டும் அப்புறமா மாத்திக்கிறாங்கணா. மிஷினு நல்லா ஓடுது.”

“வயச கொறச்சி காட்டுற பொருள எப்படி நம்பறது? பித்தலாட்டம். எனக்கு வேணாம்.”

“ஏண்ணா, நெசமா நீ பொறந்ததே 1917லதான்னு அண்ணி சொல்லிச்சே?”

நரைத்தவர் ரயில் பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார்.

“மெதுவா பேசுடா. ஸ்கூல் சர்டிபிகேட்டுல 1920தான். இல்லாட்டி அம்பத்தெட்டு ஆயிடுச்சின்னு போன மாசமே ரிடையர் பண்ணி ஊட்டுக்கு அனுப்பிச்சிருப்பான்.”