மூன்றாவது பாட்டில்

இந்த ஆப்பிரிக்கக் கரையில், கோல்ட் கோஸ்ட் முழுவதிலும் என்னைவிட அதிகம் பேரைக் குணப்படுத்தியவர் யாரும் கிடையாது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, நீங்களே எண்ணிப் பார்க்கலாம். ஈரல் வீக்கம், முடக்குவாதம், ரத்தம் துப்பும் இருமல், ஒரு தடவை வின்னிபாவில் ஒரு பிறவிச் செவிடு. வாரத்துக்கு ஒருவராக மூன்று வருஷம். கேப் கோஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டரும் நல்லவர்தான், ஆனால் அவர் கையில் சிலர் செத்தும்போகிறார்கள். என் கையில் ஒருவர்கூடச் சாகவில்லை. என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் செத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

பெயர் க்வாமினா எஸ்ஸில்ஃபி. 'சால்ட்பாண்ட் விளக்கு' வாரப் பத்திரிகையில் விளம்பரப் பக்கம் என் பொறுப்பு. ஆசிரியர் எகான் ஐயா தலையங்கத்தில் கவர்னரைத் திருத்துவார். கவர்னர் அதைப் படிப்பதில்லை. ஊரும் படிப்பதில்லை. ஊர் படிப்பது என் பக்கத்தை. காணாமல் போன செம்மறி ஆடு, சர்ச்சில் மாறிப்போன குடை, ஓடிப்போன மனைவிக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, அடுத்த வாரமே அந்த மனைவியின் மறுப்பு. கீழே சாவு அறிவிப்புகள். அதற்கும் கீழே டாக்டர் ஆர்ம்ஸ்பி டானிக்.

டாக்டர் ஆர்ம்ஸ்பி என்று ஒருவர் உண்டா என்பது எனக்குத் தெரியாது. படத்தில் தாடி இருக்கிறது. குணமான உள்ளூர்க்காரர் ஒருவரின் கடிதம் வாரம் தவறாமல் வேண்டும் என்று லிவர்பூலிலிருந்து டானிக் கம்பெனிக்காரர்கள் எழுதினார்கள். குணமானவர் யாரும் எழுதவில்லை. நான் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன்: கருகின சர்க்கரை, மட்டமான சாராயம், கொஞ்சம் துரு.

"காலேஜில் படிச்ச எவனும் இதைக் குடிக்க மாட்டான், ஐயா" என்றேன்.

"காலேஜில் படிச்சவனுக்கா விக்கிறோம்? எழுதுங்க, காலேஜ்காரரே" என்றார் எகான் ஐயா.

முதலில் பெயர்களைக் கற்பனை செய்தேன். அப்படி ஒரு ஆளே எங்கள் ஊரில் இல்லை என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிறகுதான் அச்சுக் கோத்த வரிகளை அடுக்கி வைக்கும் தட்டைக் கவனித்தேன். எங்களிடம் பெரிய அச்செழுத்து குறைவு. சாவு அறிவிப்புக்குக் கோத்த பெயர் வரியைக் கலைக்க மாட்டோம். நாற்பதாம் நாளுக்கும் வருஷ நினைவுக்கும் அதே வரி வேண்டியிருக்கும். ஆக, இறந்தவர்கள் தட்டில் தயாராக நின்றார்கள். பெயரை எடுத்தேன், ஊரை மாற்றினேன். திங்கட்கிழமை பிறந்தவன் எல்லாம் கோஜோதான், ஊருக்கு இருநூறு கோஜோ. யாரும் கேட்கவில்லை.

கோஜோ பைன்ட்சில் எழுதிய கடிதத்தை நீங்கள் கத்தரித்து வைத்திருக்கிறீர்கள். 'டார்க்வா சுரங்கத்தில் நெஞ்சு போயிற்று. விடியற்காலையில் நாய் குரைப்பது போல் இருமினேன். துணியில் ரத்தம். மற்ற மருந்தையெல்லாம் கடலில் எறிந்துவிட்டு மூன்று பாட்டில் குடித்தேன். இன்று கோகோ மூட்டை தூக்குகிறேன்.' கடலில் எறிந்தது ஓசைக்காகச் சேர்த்தது. வாக்கியம் அந்த இடத்தில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. இருமலுக்கு நான் சிரமப்படவில்லை, அது பக்கத்து அறையிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. எபோ அர்க்காவின் இருமல்.

எபோவும் நானும் ஒரே முற்றத்தில் குடியிருந்தோம். சுரங்கத்திலிருந்து திரும்பியபின் அவனுக்கு வேலை இல்லை. சாயங்காலம் பனங்கள்ளை ஒரே சுரைக்குடுவையில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு ஒவாரே ஆடுவோம், குழிக்குக் குழி விதை போடும் ஆட்டம். எப்போதும் அவன்தான் ஜெயிப்பான்.

"காலேஜில் எண்ணக் கத்துக்குடுக்கலையாடா? பேப்பர்ல மட்டும்தான் நீ ஜெயிப்பே" என்பான்.

அவன் மனைவி எஸி ஒரு வியாழக்கிழமை பத்திரிகையோடு அலுவலகத்துக்கே வந்தாள்.

"நாளைக்குக் காலையில கேப் கோஸ்ட் லாரியில ரெண்டு இடம் சொல்லி வெச்சிருக்கேன், க்வாமினா. ஆஸ்பத்திரிச் சீட்டும் வாங்கியாச்சு. இதைப் படிச்சதும் மனசு ரெண்டாயிடுச்சு. நாய் குரைக்கிற மாதிரின்னு எழுதியிருக்காரு பாரு, அப்படியே இவருக்கு வர்ற மாதிரியேதான். அந்த ஆள் எங்க இருக்காரு? ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்."

கடிதம் முழுவதையும் அவள் பார்க்காமலே ஒப்பித்தாள். என் எழுத்தை அதற்கு முன் யாரும் மனப்பாடம் செய்ததில்லை.

"ஆக்ஸிம் போயிட்டாரு, அக்கா. வேலைக்கு."

"அவ்வளவு தூரமா? நல்லா இருக்காரா?"

"மூட்டை தூக்குறாரு."

சிரித்தாள். போகிற வழியில் லாரிக்காரனிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லும்படி நான் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டிலில் எபோவுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. சாராயத்துக்கு அப்படி ஏறும். "பாத்தியா, ஒரு தடவையாவது உன் பேப்பர் உண்மை சொல்லிடுச்சு" என்றான். நான் என் குழி விதைகளை எடுத்து வரிசையாகப் போட்டேன். அன்று நான்தான் ஜெயித்தேன். இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகு அவன் முற்றத்துக்கு வரவில்லை. மூன்றாவது பாதி இருக்கும்போது இறந்தான். சாவு அறிவிப்பை நானே எழுதினேன். நன்றாக வந்திருப்பதாக எஸி சொல்லியனுப்பினாள்.

அடுத்த வாரம் டானிக்குக் கடிதம் தேவைப்பட்டது. தட்டில் முதல் வரி எபோ அர்க்கா, மை இன்னும் காயவில்லை. ஊரை கீட்டா என்று மாற்றினேன். உங்களுக்கு விபரீதமாகப் படலாம். எனக்கு அது நண்பனுக்குச் செய்த உபகாரமாகவே பட்டது. ஒரு பக்கத்திலாவது பிழைத்திருக்கட்டும்.

எஸி வந்தாள். அழவில்லை. பத்திரிகையை மேசையில் விரித்து, அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"இவரும் ஆக்ஸிம் போயிட்டாரா?"

"கீட்டா, அக்கா" என்றேன். விவரத்தைச் சரியாகச் சொல்வது என் தொழில்.

அங்கிருந்துதான் அவள் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன்.

என் இருமலைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே சுரைக்குடுவை என்று சொன்னேனே, அதுவாக இருக்கலாம். கைக்குட்டையையும் பார்த்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவதாகச் சொன்னது உங்கள் பெருந்தன்மை, ஆனால் வேண்டாம். எபோ வீட்டிலிருந்து சாட்சிப் பொருளாக நீங்கள் கொண்டுவந்த பாட்டில் காலையில் பாதி இருந்தது, இப்போது அடியில் கொஞ்சம்தான். நீங்கள் வெளியே போயிருந்தபோது எடுத்தது நான்தான். வீட்டில் ஏற்கனவே இரண்டு முடித்துவிட்டேன். நடுவில் வேறு மருந்து சேர்க்கக் கூடாது. மூன்றாவதில்தான் குணம் தெரியும். கோஜோ பைன்ட்சிலுக்கு அப்படித்தான் தெரிந்தது.