மகாராணிக்குக் காது கேக்குதா?

— அந்தத் தாள்ல மட்டும் கையெழுத்துப் போட்டுறாதீங்க டாக்டரம்மா. மகாராணியை அனுப்புறதுன்னா என்னையும் அதே கூண்டுல அடைச்சு அனுப்புங்க, பாருங்க.

— அண்ணே, ஆந்தைக்குச் சொத்தே காதுதான். மூணு நாளா சத்தம் வர்ற இடத்தை விட்டுட்டு ரெண்டடி இடப்பக்கம் தள்ளியே பாயுது. இதை வச்சு நான் என்னத்த ஆராய்ச்சி பண்ண? மிருகக்காட்சி சாலை வண்டி நாலு மணிக்கு வந்துரும்.

— நேத்து அதுக்குப் பின்னால நின்னு பிஸ்கட் கவரைப் பிரிச்சேன். டக்குனு திரும்பி என்னையே முறைச்சுது, பாருங்க!

— அது பாசம். இது விஞ்ஞானம்.

— எனக்கும் புரியிற மாதிரி சொல்லுங்களேன் அந்த விஞ்ஞானத்தை. பத்து வருஷமா இரை போடுறவன் நான்.

— இடப்பக்கம் சத்தம் வந்தா இடது காதுக்கு முதல்ல கேக்கும். வலது காதுக்கு ஒரு துளி லேட்டா, ஒரு துளி கம்மியா கேக்கும். அந்தத் துளியை வச்சே மூளை இடத்தைக் கண்டுபிடிச்சுரும். ஒரு காது அடைச்சுக்கிச்சுன்னா போச்சு. எல்லாச் சத்தமும் நல்ல காது பக்கமா நகர்ந்த மாதிரியே இருக்கும்.

— ஓஹோ. ஆமா, எந்த ஸ்பீக்கர்ல சத்தம் வருதுன்னு காட்டுற திரைதான் திங்கட்கிழமையே படுத்துக்கிச்சே. அப்புறம் சத்தம் வந்த இடத்தை எப்படிக் குறிக்கிறீங்க?

— மகாராணி பக்கத்துலயே இருட்டுல உக்காந்து, நானே காதால கேட்டுக் குறிக்கிறேன். பன்னெண்டு வருஷமா இதே பொழப்புண்ணே. என் காது தப்பாது.

— திங்கட்கிழமை… நீங்க நீச்சல் கத்துக்கப் போன அன்னிக்கு.

— அதை ஏன் கேக்குறீங்க! பாதிக் குளத்தைக் குடிச்சுட்டேன். தலையை ஆட்டுனா இன்னும் களக்களக்குங்குது. பேச்சை மாத்தாம என் பேனாவைக் குடுங்க.

— அலமாரி மேல இருக்கு, எடுத்தாறேன். நீங்க அப்படியே உக்காருங்க… டாக்டரம்மா!

— என்ன? எங்கண்ணே போனீங்க? இந்தப் பக்கம் ஆளையே காணோம்?

— எப்படிக் காணும்? நீங்க வலப்பக்கமா தேடுறீங்க, நான் உங்க இடது தோளுக்குப் பின்னால நிக்கிறேன். வண்டி வரட்டும் டாக்டரம்மா, மகாராணிக்குப் பதிலா நீங்க ஏறிக்கோங்க. காது டாக்டர் வாசல்ல இறக்கிவிடச் சொல்றேன்!