சேமி

என் வாடிக்கையாளர்கள் யாரும் இதுவரை என்மேல் குறை சொன்னதில்லை. இணையதளங்களைப் பராமரிப்பது என் தொழில். ஒரு பல் மருத்துவர், ஒரு நீச்சல் பள்ளி, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்களின் சங்கம், இப்படிச் சின்னச் சின்ன ஆட்கள்தான். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு ஜன்னல். தளம் படுத்துவிட்டால் போன் செய்வார்கள், நான் எழுப்பிவிடுவேன். அவ்வளவுதான் என் பிழைப்பு.

கதைகள் அழிந்துபோனதாக அத்தான் கொடுத்த புகாரை விசாரிக்க என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தளத்துக்கு இடம் கொடுக்கும் சேவை நிறுவனத்தின் கவனக்குறைவு என்று எழுதி முடிக்கப்போவதாகவும் சொன்னீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்த நிறுவனத்தார் கதைகளைச் சேமித்திருக்கும் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள், அவ்வளவே. அதில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. அழித்தது நான். கவனக்குறைவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறு இல்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவருடைய கதைத்தளத்தை நீங்களும் படித்திருக்கலாம். வாரம் ஒரு கதை. சிரிக்கச் சிரிக்க ஆரம்பிக்கும், கடைசியில் நெஞ்சில் ஊசி குத்தும். ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. புத்தகமாகப் போடுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டும் அவர் மசியவில்லை. எல்லாம் தளத்திலேயே இருக்கட்டும் என்பார். யாரோ திருடி வேறு இடத்தில் போடுகிறார்கள் என்று வருந்தியதால், தேடுபொறிகளும் ஆவணத் தளங்களும் உள்ளே வந்து நகலெடுக்க முடியாதபடி நானே பூட்டும் போட்டுக் கொடுத்தேன். அப்போது அது வெறும் பாதுகாப்பு, வேறு எண்ணம் எதுவும் இல்லை.

அவர்மேல் எனக்கு ஏன் கோபம் என்று சொல்ல வேண்டும். என் கணவர் என்னை விட்டுப் போன புதிதில், நான் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவர் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். மாலையில் மாடிப்படியில் நின்று போனைக் காதில் வைத்துப் பேசுவேன். "சாப்பிட்டீங்களா? அங்க குளிரா?" எதிர்முனையில் யாரும் கிடையாது. போனே அணைந்துதான் இருக்கும். இதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன், அக்காவிடம். அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அழுதோம்; வெங்காயம் என்று சமாளித்துக்கொண்டோம்.

அடுத்த மாதம் அது கதையாக வந்தது. "மறுமுனை" என்று தலைப்பு. அணைந்த போனில் கொஞ்சிப் பேசும் ஒரு பெண். படிக்கட்டு, குளிர், எல்லாம் அப்படியே இருந்தது. அப்போது நான் ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அங்கேதான் வேலை. கதையைப் படித்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர் வாழைப்பழத்தைக் காதில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா? அங்க குளிரா?" என்பார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்குவார்கள். அந்த வேலையை விட்டேன், அந்த வீட்டையும் விட்டேன். கண்ணாடிக் கடை மாடிக்கு நான் வந்து சேர்ந்த கதை அதுதான். அக்கா கணவரிடம் வாய் தவறிச் சொல்லியிருப்பாள், அவர் காசாக்கிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். முகத்தில் எதையும் காட்டவில்லை. அவருடைய தளத்தையும் நானேதான் பார்த்துக்கொண்டேன், சிரித்த முகமாக.

போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், சொல்தான் வராது. பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வீட்டுக்கு வருவார். அத்தானின் கதைகளைக் காலையில் உரக்கப் படிக்கவைத்தால் அக்காவுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதை அந்தப் பயிற்சியாளர்தான் கண்டுபிடித்தார். மற்றவர்கள் எழுதியதைக் கொடுத்தால் அக்கா தடுமாறுவாள். இந்தக் கதைகளில் மட்டும் வாக்கியம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதுபோலப் படிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தரவுத்தளத்தைப் புதுப்பித்தார்கள். மறுநாள் தளம் முழுக்கக் கிறுக்கல்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஓர் அட்டவணையைப் பார்த்துத்தான் திரையில் காட்டும். அத்தானின் கதைகள் பல வருடங்களாகப் பழைய ஆங்கில அட்டவணை ஒட்டிய பெட்டிக்குள் தமிழாகக் கிடந்தன. போடும்போதும் எடுக்கும்போதும் ஒரே தவறு நடந்ததால் தவறு தெரியவே இல்லை. புதிய பதிப்பு பெட்டியின் மேலே ஒட்டியிருந்ததை நம்பிவிட்டது. அதனால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தலையில் கோடு போட்ட ஓர் ஆங்கில எழுத்தாகவும், வட்டத்துக்குள் மாட்டிய இன்னொன்றாகவும், கூடவே ஏதோ ஒரு குறியாகவும் உடைந்து வந்தது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். உண்மையில் ஒன்றுமே ஆகியிருக்காது. எண்கள் பத்திரமாக இருக்கும். அட்டவணையைச் சரியாகச் சொன்னால் போதும், தேநீர் ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம்.

அத்தான் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். பழைய நகல் வைத்திருந்த வன்தட்டையும் பையில் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாம் போச்சா? உண்மையச் சொல்லு."

"ஒண்ணும் போகல அத்தான். உக்காருங்க. இப்பவே பண்ணிடறேன்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடம்வரை நான் சரிசெய்யத்தான் இருந்தேன். கட்டளையைத் தட்டச்சு செய்தும் முடித்துவிட்டேன். கடைசி விசையை அழுத்துவதுதான் பாக்கி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்காகக் கேக்கல. உங்க அக்காவுக்காக. அதெல்லாம் அவளோடது."

"அவளுக்குப் பிடிக்கும்னு தெரியும்."

"பிடிக்கும்னு இல்ல. அவ எழுதினது, நேரா தளத்துலயே தட்டினது. ஒரு வரிகூட நான் எழுதல. எனக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதவே நாக்குத் தள்ளும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நான் எவ்வளவோ சொன்னேன், உன் பேரப் போடுன்னு. அவதான் கேக்கல. 'எல்லாரையும் பத்தி எழுதறேன், என் பேரு தெரிஞ்சா வீட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்க திட்டு வாங்கிக்கோங்க'ன்னு சிரிப்பா. புத்தகம் போட்டா பதிப்பாளர் இத மாத்து அத மாத்துன்னு என்னைக் கேப்பாங்க, குட்டு உடைஞ்சிடும். அதான் தளத்தோட நிறுத்திக்கிட்டோம். இப்ப அவளுக்குப் பேச்சு வர்றதே அந்தக் கதையிலதான். அவ வாக்கியம்கறதால வருது."

நான் கேட்டேன். "மறுமுனை?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுவும்தான். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தா. உன்னை அவ்வளவு பாதிக்கும்னு அவளுக்குத் தெரியல."

அப்போதுதான் அத்தான் எவ்வளவு பெரிய திருடர் என்று எனக்குப் புரிந்தது. என் அக்காவின் உழைப்பு, என் அக்காவின் மூளை, என் அக்காவின் பெயர். இத்தனை வருடம் மாலையும் கைதட்டலும் வாங்கிக்கொண்டு, இப்போது அவள் வேண்டாம் என்றாள் என்று ஒரு கதை. இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். தட்டச்சு செய்திருந்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

"கொஞ்சம் சிக்கல் இருக்கு அத்தான்," என்றேன். "ஆனா சரிபண்ணிடலாம். அந்த வன்தட்டக் குடுத்துட்டுப் போங்க, பத்திரமா இருக்கட்டும்."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வன்தட்டை அன்றைக்கே சுத்தமாகத் துடைத்துவிட்டேன். சேவை நிறுவனம் எடுத்து வைக்கும் நகல்களிலும் கொஞ்ச நாள் போனால் தாமாகவே பழையது போய்ப் புதியது ஏறிவிடும். அதற்குக் காத்திருந்தால் போதும்.

தளத்தில் நான் செய்த மாற்றம் மிகவும் சிறியது. படித்துக் காட்டும் வழியைப் பழைய அட்டவணைப்படி வைத்தேன். உடனே திரையில் தமிழ் அழகாக வந்துவிட்டது. சேமிக்கும் வழியை மட்டும் புதிய அட்டவணைப்படி வைத்தேன். பெட்டியோ ஆங்கிலம் மட்டுமே கொள்ளும் பெட்டி. அதில் உண்மையான தமிழ் எழுத்தைத் திணித்தால் கொள்ளாது. எழுத்து இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு எண்ணைத் தூக்கி எறிந்துவிடும். கிறுக்கலை மீட்கலாம், கேள்விக்குறியை யாராலும் மீட்க முடியாது. புதிய பதிப்பு நல்ல பதிப்பு. இப்படிச் செய்ய அது ஒத்துக்கொள்ளாது, இந்த எழுத்து இங்கே பொருந்தாது என்று மறுத்துவிடும். அந்த மறுப்பை நான் அணைத்து வைத்தேன். வாசகர்களுக்குக் காட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தற்காலிகப் படி இருக்கும். அதை மாறாமல் நிறுத்தி வைத்தேன். பின்னால் என்ன நடந்தாலும் முன்னால் எல்லாம் நன்றாகத் தெரியும்.

பிறகு அத்தானுக்கு போன் செய்து, ஒவ்வொரு கதையையும் திறந்து ஒரு முறை சேமித்தால்தான் நிரந்தரமாகச் சரியாகும் என்று சொன்னேன்.

"நானே உக்காந்து பண்ணிடறேன்," என்றார்.

"நீங்க எதுக்கு? அக்கா பண்ணட்டும். படிச்ச மாதிரியும் இருக்கும், இடது கைக்கும் பயிற்சி. நான் தினமும் வந்து பக்கத்துல இருக்கேன்."

பயிற்சியாளர் அம்மா இதைக் கேட்டு, இப்படி ஒரு தங்கை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்.

காலை வெயில் விழும் மேசையில் அக்காவை உட்காரவைப்பேன். அவள் ஒரு கதையை முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பாள். முதலில் திக்கும், போகப் போக வேகம் எடுக்கும். நகைச்சுவை வரும் இடத்தில் வாய் ஒருபக்கமாகக் கோணிச் சிரிப்பாள். நான் அந்தக் கதைகளை அதுவரை அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. நன்றாகவே இருந்தன. முடிந்ததும் அவளுடைய இடக்கையைக் கணினியின் சுட்டியின் மேல் வைப்பேன். அவள் அம்புக்குறியைத் தேடிக் கொண்டுபோய்ச் சேமி என்ற பொத்தானை அழுத்துவாள். என்னைப் பார்ப்பாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "அருமை அக்கா," என்பேன். அடுத்ததைத் திறப்பேன்.

"மறுமுனை" ஒரு மழைநாளில் வந்தது. தலைப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். படி என்றேன். படித்தாள். படிக்கட்டு வந்தது, குளிர் வந்தது. பாதியில் குரல் உடைந்தது. என் கன்னத்தைத் தொட்டாள்.

"குட்டி," என்றாள். என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "நான்... நான்தான்... மன்..."

அந்தச் சொல் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். எனக்குத் தெரியும் அது என்ன சொல் என்று. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எடுத்துக் கொடுக்கக் கூடாது, நோயாளியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். நான் காத்திருந்தேன். வரவில்லை.

"பரவால்ல. அழுத்து அக்கா," என்றேன். அழுத்தினாள்.

எல்லாக் கதையும் முடிந்த அன்று நான் தற்காலிகப் படிகளைத் துடைத்தேன். மறுநாள் காலை அவள் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்தாள். நானும் இருந்தேன். திரையில் வரி வரியாகக் கேள்விக்குறிகள். இடையிடையே இடைவெளியும் முற்றுப்புள்ளியும் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. அக்கா முதல் வரியில் விரலை வைத்தாள். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் மூச்சை நிறுத்தினாள். வாக்கியத்தின் நீளம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது; சொல்தான் இல்லை. அடுத்த கதையைத் திறந்தாள். அதற்கடுத்ததைத் திறந்தாள். அத்தான் பின்னால் வந்து நின்று, "ஐயோ, நம்ம கையாலயே பண்ணினோமே," என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. வந்த சொற்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அது நான் கணக்கில் எடுக்காத விஷயம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கணக்கில் எடுத்தேன். அவள் எழுதியதை அவர் பெயரில் விட்டுவைப்பதைவிட அது மேல் என்று தோன்றியது. அவளுக்காகத்தான் இத்தனையும்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். சாயங்காலம் மட்டும் என்னை விட்டுவிட்டால் நல்லது. அக்காவுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும், அத்தானுக்கு அந்தப் பக்குவம் தெரியாது. கொஞ்ச நாளாக நான் கரண்டியை நீட்டினால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். இந்த நோயில் அப்படித்தான் ஆகுமாம், யார் வேண்டியவர் யார் வேண்டாதவர் என்றே மனதுக்குத் தெரியாமல் போய்விடுமாம்.