ஏழாம் கேள்விக்குப் பதில்

கணவர்: தேதி, நேரம் போட்டாச்சு. வாசிக்கறேன், கேளுங்க. 'இருந்தவர்கள் மூவர். சாப்பாட்டு மேஜையின் சன்னல் பக்கம் மனைவி. எதிரே, பிரிட்ஜை ஒட்டி, மனைவியின் தங்கை, மருந்துக்கடை நடத்துபவர். மேஜையின் தலைப்பக்கத்தில் கணவராகிய நான்...'

மனைவி: டாக்டருக்கு எழுதற கடிதத்துல யார் எங்க உக்காந்தோம்னு எதுக்குங்க? ஆபரேஷன் எனக்கு. பிரிட்ஜுக்கு இல்ல.

கணவர்: முப்பது வருஷம் காப்பீட்டு ஆபீஸ்ல குப்பை கொட்டினவன் நான். யார் முன்னால எடுத்த முடிவுன்னு எழுதலேன்னா அது முடிவே இல்ல.

தங்கை: நல்லவேளை அத்தான், கல்யாணத்தன்னைக்கு உங்க கையில யாரும் பேனா கொடுக்கல. 'இடப்பக்கம் மணமகள், சற்றே முறைப்புடன்'னு எழுதியிருப்பீங்க.

மனைவி: சற்றே இல்ல.

கணவர்: கிண்டல் அப்புறம். மணி நாலு. அஞ்சுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும். 'ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன், பெண்களுக்கு இருக்க வேண்டிய அளவைப் போல் ஐந்து மடங்கு. ஸ்கேனில் கட்டி ஏதும் தெரியவில்லை. எனினும், ஸ்கேனுக்குத் தப்பும் சிறு கட்டி இருக்கக்கூடும் என்று தாங்கள் கூறியபடி, இரண்டு சினைப்பைகளையும் திங்கட்கிழமை அகற்றச் சம்மதிக்கிறோம்.'

மனைவி: சம்மதிக்கிறோம்... உங்களுக்கு எத்தனை சினைப்பைங்க?

கணவர்: அது மரியாதைப் பன்மை.

மனைவி: கத்தியும் மரியாதையாப் பாதி உங்களுக்கு வருமா?

கணவர்: பாரு, என்னைக் கடிச்சு என்ன பண்ண? எனக்கும் புரியலதான். பொம்பளை உடம்புல ஆண் ஹார்மோன் எங்கேருந்து வந்துச்சு? அதுவும் மாதவிலக்கு நின்னு மூணு வருஷம் கழிச்சு?

தங்கை: எல்லாப் பொம்பளை உடம்புலயும் இருக்கு அத்தான். சினைப்பை கொஞ்சம், சிறுநீரகத்து மேல உக்காந்திருக்கற சுரப்பி கொஞ்சம். மாதவிலக்கு நின்னாலும் அந்த வேலை நிக்காது. ஆம்பளைக்கும் பெண் ஹார்மோன் உண்டு. உங்க எலும்பு பொடிப்பொடியா உதிராம இருக்கறதே அதாலதான்.

கணவர்: எனக்கா? பெண் ஹார்மோனா?

மனைவி: மனசுல இல்ல, எலும்புல. பயப்படாதீங்க.

தங்கை: அஞ்சு மடங்குங்கறதுதான் இடிக்குது. அக்கா, குரல் எப்போலேருந்து இப்படி?

மனைவி: நாலு மாசமா. முதல்ல தாடையில ரெண்டு முடி. பிடுங்கினேன், பங்காளிகளைக் கூட்டிட்டு வந்துச்சு. அப்புறம் தொண்டை. 'எட்டாவது நடைமேடை'ன்னு மைக்ல சொன்னா, சரக்கு வண்டியே வந்து பேசற மாதிரி இருக்குன்னு ஸ்டேஷன்ல சிரிச்சாங்க. இருபத்திரெண்டு வருஷம் அறிவிப்பு சொன்னவ... இப்ப தொலைஞ்ச சாமான் கவுண்டர்ல உக்கார வச்சுட்டாங்க. பொருத்தமான இடம்தான். நானும் தொலைச்சுட்டுத்தானே வந்திருக்கேன்.

கணவர்: மணி நாலு அஞ்சு...

மனைவி: இதையும் எழுதுங்களேன். 'கணவர் கடிகாரத்தைப் பார்த்தார்'னு.

தங்கை: உள்ள ஊறலேன்னா வெளியிலேருந்து வந்திருக்கணும். ஆஸ்பத்திரியில யாரும் கேக்கலையா அக்கா?

மனைவி: கேள்வித்தாள் ஒண்ணு கொடுத்தாங்க. இவர்தான் நிரப்பினாரு. இந்த வீட்டுல வேற யாராவது படிவத்தைத் தொட முடியுமா?

தங்கை: நகல் எங்க அத்தான்?

கணவர்: நகலா... அது எதுக்கு இப்ப? நேரமாகுது...

தங்கை: நகல் எடுக்காம நீங்க தும்மக்கூட மாட்டீங்க. இதோ இருக்கே, 'மருத்துவம்'னு பச்சைக் கோப்பு.

கணவர்: ஏம்மா, அதை அப்படி இழுக்காதே... வரிசை கலைஞ்சிடும்!

தங்கை: வயசு, எடை, தூக்கம்... ஏழாம் கேள்வி. 'வீட்டில் எவரேனும் ஹார்மோன் ஜெல் அல்லது களிம்பு பயன்படுத்துகிறார்களா?' பதில், 'இல்லை.' இது என்ன அத்தான், மத்த பதிலுக்கெல்லாம் கோடு இல்ல, இதுக்கு மட்டும் அடியில ரெண்டு கோடு?

கணவர்: அழுத்தமா இருக்கட்டும்னு...

தங்கை: இருக்கு. அடுத்த தாள்...

கணவர்: அந்தத் தாள் வேண்டாம்! அது வேற... தப்பா கோத்துட்டேன்.

தங்கை: தப்பா கோக்கல. தேதிவாரியா, ஒழுங்கா கோத்திருக்கீங்க. அதான் மாட்டிக்கிட்டீங்க. 'ஐயா, தாங்கள் தபாலில் அனுப்பிய ஆண் ஹார்மோன் ஜெல்லை நாள்தோறும் காலை ஏழு மணிக்கு இரு தோள்களிலும் பூசி வருகிறேன். முதல் மாதம் பலன் தெரியாததால் இரண்டாம் மாதம் முதல் இரு மடங்கு. ஆறு மாதம் ஆகியும் இவ்வீட்டில் எந்த மாற்றமும் தென்படவில்லை...'

மனைவி: தென்படலையா? என் தாடையைக் கொஞ்சம் வந்து பாருங்க! ஏங்க... திங்கட்கிழமை என் வயித்தைக் கிழிக்கப் போறாங்க. நீங்க 'இல்லை'ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கீங்க.

கணவர்: சத்தியமா, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. எப்படித் தோணும்? நான் ஹால்ல படுக்கறேன், நீ உள்ள படுக்கற. உன் துண்டு வெள்ளை, என் துண்டு நீலம். உன் விரல் என் மேல பட்டே எட்டு மாசமாச்சு. என் தோள்ல பூசினது உன் மேல எந்த வழியா ஒட்டும்? அதனால... அதோட, வெக்கம்.

தங்கை: பூசறதுக்கு முன்னாடி ரத்தம் பாத்தீங்களா அத்தான்?

கணவர்: ஜெல் விளம்பரத்துல பத்துக் கேள்வி இருந்துச்சு. ஒன்பதுக்கு 'ஆம்' வந்துச்சு. சோர்வு, எரிச்சல், ஆர்வமின்மை...

மனைவி: அது உங்க பிறவிக்குணம். ஹார்மோன் மேல ஏன் பழி?

தங்கை: ஒருவேளை குறைவே இல்லாம இருந்திருக்கும். நிறைஞ்ச குடத்துல ஊத்தினா தரைதான் நனையும். மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. வெளியிலேருந்து சரக்கு வந்து குவிஞ்சா, 'நம்ம ஆலையை மூடு'ன்னு கீழ உத்தரவு போட்டுடும்.

கணவர்: மூடிட்டாங்களா?

மனைவி: எழுத்துமூலமா அறிவிப்பு வரலையேன்னு வருத்தமா?

தங்கை: கண்டபடி பூசினா அப்படித்தான். மிச்ச சரக்கைத் தொப்பைக் கொழுப்பு பிடிச்சு, பெண் ஹார்மோனா மாத்தும். ஏன் அத்தான், பனியன் உரசினா மார்ல வலிக்குதா?

கணவர்: அது... நெஞ்செரிச்சல்.

தங்கை: ரெண்டு பக்கமும், ஒரே அளவுல நெஞ்செரிச்சல். ஆக, காசு கொடுத்து வாங்கின ஆம்பளைத்தனம் அக்காவுக்குப் போச்சு. பொம்பளைத்தனம் உங்களுக்கு வந்துச்சு. இதைவிடப் பொருத்தமான தம்பதி எங்க கிடைக்கும்?

கணவர்: போதும்மா... இவளுக்கு சரியாயிடுமா? அதைச் சொல்லு.

தங்கை: ஒட்டறது நின்னா ரத்த அளவு சில நாள்லயே இறங்கும். முடி மெதுவாக் குறையும். குரல்... குரல்நாண் தடிச்சிட்டா பழையபடி வரும்னு சத்தியம் பண்ண முடியாது அக்கா.

மனைவி: ம்.

கணவர்: தாளைக் கொடு.

மனைவி: எதுக்கு?

கணவர்: பழைய சம்மதக் கடிதத்தைக் கிழிச்சுட்டேன். முதல் தடவையா நகல் இல்லாம ஒண்ணைக் கிழிச்சிருக்கேன். எழுதறேன். 'ஏழாம் கேள்விக்கு நான் அளித்த பதில் பொய். சரியான பதில், ஆம். பயன்படுத்தியவன் நான். மனைவிக்குத் தெரியாது. அறுவை சிகிச்சைக்கு நாங்கள்...' இல்ல... 'அவர் சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கி, இரண்டு வாரம் கழித்து ரத்தத்தை மறுபடி பரிசோதிக்க வேண்டுகிறேன்.'

தங்கை: உங்க ரத்தத்தையும்னு சேருங்க.

கணவர்: 'எனது ரத்தத்தையும்.' ஜெல்லு எப்படி ஒட்டுச்சுன்னும் எழுதணுமே. 'வழி: தெரியவில்லை'ன்னு...

மனைவி: துணி மூலம்னு எழுதுங்க.

கணவர்: எந்தத் துணி? துண்டுதான் தனித்தனி ஆச்சே. என் துணி துவைக்கற கூடைக்குப் போகுது, அங்கேருந்து மிஷினுக்கு. அதுலயும் எப்பப் பாத்தாலும் ஒரு சட்டை குறையுது, மறுநாள் வந்துடுது. கேட்டா, மிஷின் முழுங்கித் துப்புதுன்னு சொல்ற...

மனைவி: துணி மூலம். அவ்வளவுதான். டாக்டருக்கு அது போதும்.

தங்கை: துணி போதும் அத்தான். ஜெல்லு காயறதுக்குள்ள சட்டையை மாட்டினா, பாதி சட்டைக்குத்தான் போகும். அக்கா, நீ ஏன் சன்னலைப் பாக்கற?

மனைவி: வெயில் பாக்கறேன்.

தங்கை: ஓஹோ... வெயில். கவரைக் கொடுங்க அத்தான். பசை நிறைய வச்சிருக்கீங்களே, டாக்டரால பிரிக்க முடியுமா?

கணவர்: அவர்தான் அறுவை நிபுணர் ஆச்சே.

தங்கை: அட, அத்தானுக்கு நகைச்சுவை வருதே! இதுவும் ஹார்மோன் வேலையா? நாலு இருபது. என் கையாலயே கொடுத்து ரசீது வாங்கிடறேன். வரேன் அக்கா. வெயிலை நல்லாப் பாத்துக்கோ.

கணவர்: ஸ்கூட்டர் கிளம்பிடுச்சு... தெருமுனை தாண்டிட்டா. இப்பவாவது சொல்லு, எந்தத் துணி?

மனைவி: பேனாவைக் கீழ வைங்க முதல்ல. இதுக்கு நகல் கிடையாது. நீங்க சாயந்திரம் கழட்டிப் போடற சட்டை. மிஷினு முழுங்கல... நான்தான் போட்டுக்கிட்டுத் தூங்கறேன், எட்டு மாசமா. நீங்கதான் ஹாலுக்குப் போனீங்க. உங்க சட்டை போகல.